இருநூற்றுப் பதினாலு கோடியும் ஏழு கூறும்

மூன்று வருடம் நான் ஒரே ஒரு எண்ணை வகுத்துக்கொண்டிருந்தேன். வகுத்தது தப்பில்லை. எண்பத்துச் சொச்சம் தடவை வகுத்தால் போதும் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கில் வகுத்துத் தள்ளினேன் பாருங்கள், அதற்குத்தான் முட்டாள் என்று பெயர். நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம்.

எண் இதுதான்: 2147483647. இருநூற்றுப் பதினாலு கோடியே எழுபத்து நாலு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மூச்சு வாங்குகிறதா? எனக்கும் முதலில் வாங்கியது. அப்புறம் அது என் நாக்குக்கு எங்கள் குப்பத்தின் பெயரைப்போலப் பழகிவிட்டது.

திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில், கட்டுமரம் ஓட்டுகிற வீட்டில், நான்தான் இன்டர்மீடியட் வரை போன ஒரே ஆள். கணக்கில் கரையேறி, இங்கிலீஷில் கவிழ்ந்தேன். கவிழ்ந்தவனைத் தீப்பெட்டி ஆலையில் குமாஸ்தாவாகச் சேர்த்துக்கொண்டார்கள். கல்லூரி எனக்குக் கொடுத்த சொத்து, கணக்குப் புத்தகம் ஒன்றின் அடிக்குறிப்பில் கிடந்த இந்த எண் மட்டும்தான். இது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது, ஏறக்குறைய நூறு வருடம் உலகம் அறிந்த பகா எண்களிலேயே பெரியதாக இருந்தது என்று அங்கே போட்டிருந்தது.

புத்தகமே சொன்னபிறகு நீ எதற்கு வகுத்தாய் என்று கேட்பீர்கள். எங்கள் குப்பத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் மீன் வாங்கமாட்டார்கள். விற்பது சொந்த அத்தையாக இருந்தாலும் சரிதான். எனக்கும் அந்தப் புத்தி.

ஆலையில் அச்சுப் பிசகிய லேபிள் தாள்களைக் கட்டுக்கட்டாக வெளியே போடுவார்கள். அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் வகுத்தேன். மூன்றால் வகுத்தேன், ஐந்தால் வகுத்தேன், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால். எங்கே நிறுத்துவது என்று ஒரு கணக்கு இருக்கிறது. வகுக்கும் எண்கள் ஜோடியாகத்தான் வரும். இரண்டால் வகுத்துப் பார்த்தவனுக்கு ஆறில் மூன்றைத் தனியாகத் தேடவேண்டிய வேலையில்லை. ஜோடியில் சின்னது, எண்ணின் வர்க்கமூலத்துக்குள் அகப்பட்டே தீரும். என் எண்ணுக்கு அந்த எல்லை நாற்பத்தாறாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அதற்குள் இருக்கிற பகா எண்கள் ஏறக்குறைய நாலாயிரத்து எண்ணூறு. அத்தனையாலும் வகுத்து, அத்தனையும் "இல்லை" என்று சொன்னால்தான் இது பகா எண். நடுவில் ஒன்றே ஒன்று "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்தது. "ஆமாம்" எந்த நிமிடமும் வரலாம். "இல்லை"க்குத்தான் கடைசிவரை போகவேண்டும்.

இதை என் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் வலை பிரித்துக்கொண்டிருந்தான்.

"பங்கு போட முடியாத எண்ணா?"

"ஆமாண்ணே. எத்தினி பேருக்குப் போட்டாலும் மிச்சம் வுயும்."

"ரெண்டு பேருக்கு?"

"ஒண்ணு மிச்சம்."

"ஏயு பேருக்கு?"

"அதுலயும் ஒண்ணு மிச்சம்."

"அந்த ஒண்ண என் கூடையில போடு, கொயம்புக்கு ஆவும்" என்றான். அப்புறம் வலையை உதறிவிட்டுச் சொன்னான்: "டேய், பங்கு போட முடியாத மீனு வலையில வுயுந்தா அத்த கடல்லயே வுட்ருவேன்டா நானு. கரையில கொணாந்தா சண்டதான்."

அண்ணன் இதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் கரையில் கூறு போடுவது அவன் வேலை. இரண்டு கட்டுமரங்கள் ஜோடியாகப் போய் ஒரு வலையை இழுக்கும். ஆள் ஆறு, வலைக்கு ஒரு பங்கு, மரங்களுக்கு ஒரு பங்கு, ஆக எட்டு. எட்டு என்பது சௌகரியமான எண். மீனை மணலில் கொட்டி, குவியலை இரண்டாகப் பிரிப்பான். அந்த இரண்டை நாலாக. நாலை எட்டாக. தராசு கிடையாது. இது பெரிசு, அது சின்னது என்று யாராவது முனகினால், முனகியவனே பிரிக்கவேண்டும் என்பது சட்டம். அதனால் யாரும் முனகுவதில்லை.

ஆனால் எந்தக் கூறு யாருக்கு என்பதை, கூறு போட்டவன் சொல்லக்கூடாது. மரத்தில் போகாத ஒருத்தன், மீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். வலைக்குச் சொந்தக்காரரான மாமா, அவரும் அந்த ஆறு பேரில் ஒருவர், ஒரு கூற்றைக் காலால் தொட்டு "இது யாருக்கு?" என்பார். முதுகு காட்டி நிற்பவன் வாய்க்கு வந்த ஆளைச் சொல்வான். சொன்னது சொன்னதுதான், வாயிலிருந்து வந்தபிறகு மாற்றக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை என்பதால் அன்றைக்கு முதுகு காட்டும் உத்தியோகம் எனக்கு. மற்ற நாட்களில் யாராவது கிழவர் நிற்பார். குப்பத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, வேலைக்கு முதுகைக் காட்டியதுதான்.

முதுகு காட்டி நின்றாலும் பின்னால் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணி கூடையோடு வந்தால் கை நிறையக் கண்ணாடி வளையல் சத்தம் முன்னால் வரும். மாமா சத்தம் போடுவார்: "ந்தா, வளையல கயட்டி வெச்சிட்டு வா. இவன் காதாலயே கூறு பாக்கறான்."

இப்படியிருக்கையில், எழும்பூரில் ஒரு பெரிய நூலகத்துக்குப் போய்த் தொலைத்தேன். அங்கே ஒரு தடிப் புத்தகத்தில் என் எண் இருந்தது. ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன்னால், குளிர் தேசத்தில் ஒரு மனிதர் இதைப் பகா எண் என்று காட்டிவிட்டாராம். அவர் நாலாயிரத்து எண்ணூறு தடவையெல்லாம் வகுக்கவில்லை. இந்த எண்ணை வகுக்க ஏதாவது இருந்தால், அதை இருநூற்று நாற்பத்தெட்டால் வகுக்கும்போது ஒன்றோ அறுபத்து மூன்றோதான் மிஞ்சவேண்டும் என்று முதலில் கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் அந்த எல்லைக்குள் எண்பத்துச் சொச்சம்தான். அவற்றை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்போது நான் அந்த நாற்பத்தாறாயிரத்தில் முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். சாப்பிடவில்லை. மறுநாள் விடிகிற வேளையில் அண்ணன் மரத்தைக் கட்டக் கிளம்பினபோது, என் மூஞ்சியைப் பார்த்து, "இன்னாடா, எவனாவது செத்துட்டானா?" என்றான். சொன்னேன். முழுதாகக் கேட்டுக்கொண்டான்.

"எம்பதுலயே முடிஞ்சிருக்குமா?"

"எம்பத்து சொச்சம்."

"நீ எத்தினி போட்ட?"

"நாலாயிரம் போட்டிருப்பேன்."

அவ்வளவுதான். அப்படிச் சிரித்து அவனை நான் பார்த்ததில்லை. துடுப்பைக் கீழே போட்டுவிட்டு மணலில் குந்திச் சிரித்தான். "தோ பாரு மாமா, இங்க வா, இந்தக் கதையக் கேளு" என்று மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னான். மாமாவும் சிரித்தார். எனக்கும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மரத்தை அலையில் தள்ளும்போதும் திரும்பிப் பார்த்து, "டேய், எம்பதுடா!" என்று கத்தினான். அலை அடித்து வாய்க்குள் தண்ணீர் போய் இருமினான். இருமிக்கொண்டே சிரித்தான்.

ஐப்பசி மாதம். அன்றைக்கே, எண்ணூர் முகத்துவாரத்துக்கு நேரே சுழல் காற்றில் அந்த மரம் கட்டு அவிழ்ந்தது. கட்டைகள் தனித்தனியாகப் போயின. மற்றவர்கள் ஆளுக்கொரு கட்டையைப் பிடித்துக்கொண்டும், ஜோடி மரத்தில் தொற்றிக்கொண்டும் கரைக்கு வந்தார்கள். அண்ணன் வரவில்லை.

என் முட்டாள்தனத்தால் இந்த உலகத்துக்கு விளைந்த நன்மை என்ன என்று யாராவது கேட்டால், எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கடைசியாகக் கரையில் அவன் சிரித்துவிட்டுப் போனான்.

உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காதவனை என்னவென்று சொல்வது? எங்களுக்குள் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. உடம்பு கரைக்கு வராதவனுடைய பங்கை, பஞ்சாயத்தார் நிறுத்தச் சொல்லும்வரை போட்டுக்கொண்டிருக்கவேண்டும். புது மரம் கட்டி ஐந்து பேர் கடலுக்குப் போனார்கள். கூறு எட்டுதான் விழுந்தது. அண்ணியின் கூடையில் அண்ணனின் பங்கு தினமும் விழுந்தது.

நான் தேடப் புறப்பட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில் தேடினேன்: வரிசையாக, ஒன்றையும் விடாமல். ஆலையில் லீவு போட்டுவிட்டு வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு. தெற்கே தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம். ஒவ்வொரு குப்பத்திலும் நின்று, "யாராச்சும் கரை ஒதுங்கினாங்களா?" என்று கேட்பேன். "இல்ல நைனா" என்பார்கள். அடுத்த குப்பம். "இல்லப்பா." அடுத்தது. காட்டுப்பள்ளியில் ஒரு பெண், கேள்வியை முடிக்கும் முன்னாலேயே தலையை ஆட்டிவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்பு நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தாள்.

என் எண்ணிடமிருந்து "இல்லை, இல்லை" என்று கேட்டுக் கேட்டு மூன்று வருடம் சந்தோஷப்பட்டவன் நான். ஒவ்வொரு "இல்லை"யும் அதைப் பகா எண்ணாக்கிக்கொண்டு வந்தது. அதே வார்த்தையைத்தான் இப்போதும் கேட்டேன். ஒவ்வொரு கரையிலும் "இல்லை" என்றால் உடம்பு இல்லை. உடம்பு இல்லையென்றால் உயிர் இருக்கலாம். இது எனக்குச் சரியான கணக்காகத் தோன்றியது. எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அதற்கு ஒரு வர்க்கமூலம் இருக்கிறது. அதுவரை பார்த்துவிட்டு எழுந்துவிடலாம். கடலுக்கு அது கிடையாது.

ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் அண்ணியிடம் போய், "இல்லியாம் அண்ணி. அப்ப எங்கியோ கீறான். ஆந்திராப் பக்கம் ஏதாச்சும் கப்பல்காரன் தூக்கினு பூட்டிருப்பான். வந்துருவான்" என்பேன். அண்ணி கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "சாப்டியா?" என்பாள். குப்பத்துப் பெண்கள் அவளிடம் தாலியைப் பற்றியும் வளையலைப் பற்றியும் பேச வந்தபோது, அவள் சொன்னதை நான் வெளியிலிருந்து கேட்டேன்: "கொயுந்தன் தேடிகினு கீது. அது முடிக்கட்டும்."

அண்ணியும் என்னைப்போல நம்பிக்கையோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் சொன்னேனே, எண்பதில் முடிவதை நாலாயிரத்தில் செய்கிறவன்.

தை பிறந்தது. பஞ்சாயத்தார் கூடி, போதும், இனி ஏழு கூறுதான் என்றார்கள். தப்புச் சொல்ல முடியாது. அந்த ஐந்து பேருக்கும் வீட்டில் வயிறுகள் இருந்தன. அண்ணியிடம் யார் சொல்வது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீதான் சிரிக்க சிரிக்கப் பேசுவியே, நீ சொல்லு" என்றார் மாமா.

போனேன். அண்ணி உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா தம்பி, மூஞ்சி தொங்கிகினு கீது?"

பஞ்சாயத்து என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. பக்கத்தில் கிடந்த கிளிஞ்சல்களில் எட்டைப் பொறுக்கி வரிசையாக வைத்தேன்.

"அண்ணி, என் எண்ணு எப்டி வந்துச்சு தெரியுமா? ஒண்ண ரெண்டாக்கணும். ரெண்ட நாலாக்கணும். நால எட்டாக்கணும். இப்டியே முப்பத்தோரு தபா. அது அவ்ளோ பெரிய எண்ணு ஆயிடும். ஆனா சொன்னபடி கேக்கும். பாதி பண்ணு, பாதி பண்ணுன்னா கடைசி ஒண்ணு வரைக்கும் மிச்சமில்லாம பிரியும். நம்ம அண்ணன் போடற கூறு மாரி."

"உம்."

"அதுல ஒண்ணே ஒண்ண எடுத்துட்டா, என் எண்ணு. அப்பால எவன் வந்தாலும் பிரிக்க முடியாது."

ஒரு கிளிஞ்சலை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். மீதி ஏழு மணலில் இருந்தன. ஏழும் என் எண்ணின் ஜாதிதான், இரண்டை இரட்டித்து இரட்டித்து, ஒன்றை எடுத்தால் வருவது, எதனாலும் வகுபடாதது. எப்போதும் இப்படி ஆகாது என்பதையும் சொன்னேன். பதினாறில் ஒன்று போனால் பதினைந்து. அது மூன்று, ஐந்து என்று ஒழுங்காகப் பிரிந்துவிடும். எல்லா வீட்டிலும் ஒருத்தர் போனால் இப்படி ஆகிவிடுவதில்லை. சில இடத்தில்தான். ஏன் அந்தச் சில இடம் என்று பெரிய கணக்கு வாத்தியார்களுக்கே முழுதாகத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தினால் சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டி வருமே.

அண்ணி ஏழு கிளிஞ்சலையும் பார்த்தாள்.

"பஞ்சாயத்துல ஏயுன்னுட்டாங்களா?"

"ஆமா அண்ணி."

"சரி. இத்த சொல்றதுக்கு இம்மா நேரமா?" என்றாள். பிறகு, "கையில கீறத கீய போடு. குத்திக்கப் போற" என்றாள்.

"அவன் வந்துட்டா மறுபடியும் எட்டுதான் அண்ணி" என்றேன். அவள் தொட்டியில் உப்பை வாரிப் போட்டாள். வளையல்கள் சத்தம் போட்டன.

அடுத்த ஞாயிறு, ஏழு கூறு. அண்ணன் போனபிறகு மாமாதான் பிரிக்கிறார். இரண்டாகப் பிரித்தால் ஏழு வராது. மூன்றாகப் பிரித்து, நாலாகச் சேர்த்து, அள்ளி, கொட்டி, மறுபடி அள்ளி, திட்டிக்கொண்டே ஒரு வழியாக ஏழு வைத்தார். நான் முதுகைக் காட்டி நின்றேன்.

"இது யாருக்கு?"

"வலைக்கு."

"இது?"

"மாமாவுக்கு."

"இது யாருக்கு?"

"அண்ணனுக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அது வாய்ப்பழக்கம். எத்தனை வருடமாகச் சொன்னது, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சொன்னது சொன்னதுதான். ஏழு கூறு, எட்டுப் பேர். மரத்தில் இருந்தவர்களிலேயே இளையவன் பெயர் கடைசிவரை வரவில்லை. அவனுக்கு ஒன்றும் இல்லை. "பரவால்ல வுடு" என்று அவன் சொன்னான். ஆளுக்கொரு கை அள்ளி அவன் கூடையில் போட்டார்கள். அண்ணனின் கூற்றை அண்ணிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறும் சொன்னேன். அது வாய்ப்பழக்கம் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும். மாமா என்னைத் திட்டவில்லை. வேறு ஆளை நிறுத்தவும் இல்லை. கைக்குக் கை அள்ளிப்போடுவது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. ஊர் முழுக்கப் போனவனாக எண்ணிய என் அண்ணன், வாரத்தில் ஆறு நாள் இல்லாமல் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும், என் முதுகுக்குப் பின்னால், ஒரு கூறு மீன் அளவுக்கு இருந்தான்.

எண்ணை வகுப்பதையும் நான் விடவில்லை. எண்பதில் முடியும் என்று தெரிந்தபிறகும் பழைய வழியிலேயே, விட்ட இடத்திலிருந்து, ஒவ்வொன்றாக. முடிந்துவிடக்கூடாது என்று இருந்தது. ஆனாலும் அது முடிந்துவிட்டது. மாசி மாதம், சனிக்கிழமை சாயங்காலம், ஆலைச் சங்கு ஊதுகிற நேரத்தில் எல்லையைத் தொட்டேன். கடைசி எண்ணும் "இல்லை" என்றது. இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை. பிரிக்க முடியாது என்பது ருசுவாகிவிட்டது. "எம்பதுடா!" என்று கத்துவதற்கு ஆள் இல்லை. அண்ணியிடம் போய், "முடிச்சிட்டேன் அண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

"முடிச்சிட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். தலையாட்டினேன். அவள் என் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போனாள். எண்ணைப் பற்றித்தான் கேட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. நல்ல மீன்பாடு. மாமா ஏழு கூறு வைத்து முடித்தார். நான் கடலுக்கும் மீனுக்கும் முதுகைக் காட்டி நின்றேன். எதிரே ஆலைப் புகைபோக்கியும், அதற்கு அந்தண்டை கோயில் கோபுரமும் தெரிந்தன. பின்னால் அலைச் சத்தம். வேறு எந்தச் சத்தமும் இல்லை. யாரும் புதிதாக வந்ததாகத் தெரியவில்லை.

"இது யாருக்கு?"

"மரத்துக்கு."

"இது?"

"வலைக்கு."

மாமா அடுத்த கூற்றுக்குப் போக வழக்கத்தைவிட நேரமெடுத்துக்கொண்டார்.

"இது யாருக்குடா?"

"அண்ணனுக்கு."

வளையல் சத்தம் இல்லாமல், என் முதுகுக்குப் பின்னால், மிக அருகிலிருந்து, அண்ணியின் குரல் வந்தது.

"அவுரு இல்ல தம்பி, வேற பேரு சொல்லு."